சைலன்சர் அக்காவும் இரண்டாம் வண்டியும்

எங்கள் ஆஸ்பத்திரியின் வண்டிக் கொட்டகையில் அவரைச் சைலன்சர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வண்டிகளின் வயிற்றுக்கடியில் ஓடும் புகைக்குழாய்களை வெட்டி ஒட்டுவது அவர் வேலை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அவருக்கு வாய் ஓயாது என்பது. வெல்டிங் முகமூடியை இறக்கிய பிறகும் உள்ளேயிருந்து பேச்சு வந்துகொண்டேயிருக்கும். பாதி வார்த்தை தீப்பொறிச் சத்தத்தில் அமுங்கிப்போகும். நிறுத்திவிட்டு, "என்ன, நான் சொன்னது சரிதானே?" என்பார். ஆமாம் என்று சொல்லிவைப்போம்.

ஜன்னல் கம்பி செய்கிற பட்டறையில் வெல்டிங் பழகியவர் அவர். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு உடைந்த கால்களை ஒட்டக் கொஞ்ச நாளைக்கென்று கூப்பிட்டார்கள். கட்டில் முடிவதற்குள் சக்கர நாற்காலிகள் வந்தன. அவை முடிவதற்குள் சலவை அறையின் தள்ளுவண்டிகள். ஒரு நாள் ஆம்புலன்ஸ் ஒன்று சைலன்சரைத் தரையில் உரசிக்கொண்டு வந்து நின்றது. "இதையும் பார்த்துடறேன்" என்று வண்டிக்கு அடியில் வேலை பார்க்கிற பள்ளத்தில் இறங்கியவர்தான், இன்றுவரை மேலே ஏறவில்லை என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லிச் சிரிப்பார். அக்கா ஒட்டிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால் மீன் செதில் அடுக்கியது போலிருக்கும். அது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

ஆஸ்பத்திரியின் இரண்டு ஆம்புலன்ஸ்களில் நான் ஓட்டுவது இரண்டாம் வண்டி. முதல் வண்டி பெரியது, டீசல். இரண்டாவது சின்னது, கார் எஞ்சின், பெட்ரோல், டர்போ வைத்தது. டர்போ என்றால் பெரிய மாயமில்லை. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அந்தச் சுழற்சி எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். ஆள் சின்னது, இழுப்பு பெரியது. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் முதுகில் கைவைத்துத் தள்ளியது போலக் கிளம்பும். அந்தத் தள்ளலுக்காகவே எனக்கு அந்த வண்டியைப் பிடிக்கும்.

வண்டியின் பின்பக்கம், நோயாளியோடு உட்கார்ந்து வருகிற நர்ஸ், அக்காவின் நாத்தனார். அக்கா புருஷனின் ஒரே தங்கை. நாங்கள் சிஸ்டர் என்போம். அண்ணன் வீட்டில் பின்னறை ஒன்றில் இருந்தார். அண்ணன் ரொட்டிக் கடையில் அடுப்புப் பார்க்கிறவர். விடிவதற்குள் போய், மதியம் வந்து படுத்து விடுவார். ஆகவே அந்த வீட்டில் விழித்திருக்கும் நேரமெல்லாம் இந்த இரண்டு பெண்களும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். அதிகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணி பேசிக்கொண்டேயிருப்பார், நாத்தனார் பதில் சொல்லாமலேயிருப்பார், அவ்வளவுதான் உறவு.

சிஸ்டருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது போன வருஷம்தான். வேலை முடிந்து போனால் சாப்பிடாமல், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். தொட்டியில் பாத்திரம் அப்படியே கிடக்கும். அக்கா அடுத்த நாள் கொட்டகையில் வந்து கொட்டித் தீர்ப்பார்.

"தம்பி, எனக்கும்தான் நாள் பூரா கண்ணுல நெருப்பு. எனக்குத் தலை வலிக்குதா? பாத்திரத்தைப் பார்த்தா மட்டும் எப்படித்தான் வலி வருமோ!"

சிஸ்டர் டாக்டரிடம் காட்டினார். கண் பரிசோதனை செய்தார்கள், கண்ணில் குறையில்லை. மாத்திரை தந்தார்கள், கேட்கவில்லை. டாக்டர் கெட்டிக்காரர், ஒரு கேள்வி கேட்டார். "லீவு நாள்ல வலி இருக்கா?"

"இல்லை டாக்டர்."

"அப்போ உங்க வேலையிலதான் ஏதோ இருக்கு. கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க" என்று அனுப்பினார். அதை வீட்டில் வந்து சொன்னதுதான் சிஸ்டர் செய்த தவறு. அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "லீவு நாள்ல வராதுன்னா அதுக்குப் பேரு தலைவலி இல்லம்மா, வேலைவலி!" அக்காவும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து சிஸ்டர் தலைவலியைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார், சிரிக்காமல்: "எனக்கே சந்தேகமா இருக்கு. நானே நடிக்கிறேனோ என்னவோ."

அதே வருஷம்தான் இரண்டாம் வண்டியின் குழாயும் உடைய ஆரம்பித்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியில், டர்போவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு முழம்கூட இல்லாத நெளிவுக்குழாய் ஒன்று உண்டு. ஃபிளெக்ஸ் என்போம். உள்ளே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான தகடு, வெளியே இரும்புக் கம்பியால் பின்னிய உறை. எஞ்சின், மவுண்டிங் என்கிற ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும்; பின்னால் போகும் நீளக் குழாயோ வண்டியின் உடம்போடு கட்டிவைத்தது. ஆடுகிறதையும் ஆடாததையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த நெளிவுதான். அது கிழிந்து, வண்டி டிராக்டர் மாதிரி கத்தியது.

அக்கா புது ஃபிளெக்ஸ் வாங்கி வெட்டி ஒட்டினார். அழகான வேலை. என்னைப் பள்ளத்தில் இறக்கிக் காட்டினார். சில மாதத்தில் அதுவும் கிழிந்தது. "கம்பெனிக்காரன் தகட்டுல கஞ்சத்தனம் பண்ணிட்டான்" என்று திட்டிவிட்டு, வேறு கம்பெனிச் சரக்கு வாங்கி, இன்னும் அழகாக ஒட்டினார். அதுவும் மறுபடி மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்தது. முழுதாகக் கிழியவில்லை, ஒரு சீறல், அவ்வளவுதான். ஓட்டுகிற எனக்கே காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும். மழை சற்று ஓய்ந்த ஒரு மதியம் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, உங்க மீன் செதில் மறுபடியும் பேசுது."

"ஒட்டின இடம் பேசாது. வேற எதாவதா இருக்கும்" என்று ரோஷமாக விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். உண்மைதான், ஒட்டிய இடம் கல் மாதிரி இருந்தது. நெளிவுதான் மேல்பக்கமாகக் கிழிந்திருந்தது. வழக்கம்போல் பேசிக்கொண்டே குழாயைத் தடவிப் பின்னால் போனவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

அக்கா பேச்சை நிறுத்தியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தேன். வண்டியின் தரைத்தகட்டில் ஓர் இடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே இருக்கும் கருவிகளுக்கு மின்கம்பி போகிற துளை அது. துளையை அடைத்திருக்க வேண்டிய ரப்பர் விழுந்துவிட்டிருந்தது. துளையைச் சுற்றி விசிறி மாதிரி கரி படிந்திருந்தது. கரி துளையோடு நிற்கவில்லை. விளிம்பில் ஏறி உள்பக்கமும் போயிருந்தது. அக்கா விரலை விட்டுத் துடைத்தார். விரல் கறுத்தது.

"தம்பி, இதுக்கு நேர் மேல உள்ள என்ன இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "சிஸ்டர் சீட்டு."

அக்கா மேலே வந்து, கையைக்கூடத் துடைக்காமல் மேற்பார்வையாளர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சார், ரெண்டாம் வண்டி இன்னிக்கு வெளிய போகக் கூடாது."

"ஏம்மா, இருக்கறதே ரெண்டு வண்டி. சத்தம்தானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"சத்தம் இல்ல சார். புகை உள்ள போகுது. பெட்ரோல் புகை. வாசனையே தெரியாம ஆளை அமுக்கற சமாச்சாரம் அதுல இருக்கு."

அவர் நல்ல மனிதர். அக்காவின் விரலைப் பார்த்தார், ஃபோனை எடுத்தார், பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு வண்டி இரவல் கேட்டார். அப்புறம்தான், "உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"சந்தேகம்தான். நாளைக்குக் காலையில உறுதியாச் சொல்றேன்."

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சிஸ்டர்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார். இருட்டறையில் படுத்திருந்தவரின் கட்டில் விளிம்பில் யாரோ உட்கார்ந்தார்கள். பாத்திரத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்திருக்கப் போனாராம்.

"படு, படு. உனக்குத் தலை எப்போ வலிக்கும்?"

சிஸ்டருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. வலி ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

"வேலைக்குப் போனா வரும் அண்ணி. விடுங்க."

"அப்படி இல்ல. வண்டியில எப்போ? கிளம்பறப்பவா, வர்றப்பவா?"

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "சமமான ரோட்டுல ஓடறப்ப ஒண்ணும் தெரியாது. மேட்டுல ஏறினா வரும். அதைவிட மோசம், ஆஸ்பத்திரி வாசல்ல எஞ்சின் ஓடிட்டே நிக்கறப்ப. கதவைத் திறந்து இறங்கினா கொஞ்சம் பரவாயில்ல."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. சிரிச்சீங்க."

அக்கா எழுந்து போய் ஒரு தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாத்திரங்களைத் தானே தேய்த்தாராம்.

காலையில் அக்கா, காற்றில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் கூவுகிற ஒரு வாயு மீட்டரோடு வந்தார். வீட்டுக்கு வீடு போய் வெந்நீர் கொதிகலன் பழுதுபார்க்கிறவரிடம் இரவல் வாங்கியது. உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டி. பின்கதவைத் திறந்து, நோயாளி படுக்கிற கட்டிலில் ஏறி, வேலை உடுப்போடு நீட்டிப் படுத்தார். மீட்டரை நெஞ்சில் வைத்துக்கொண்டார். சிஸ்டர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

"நீ எதுக்கும்மா? நான் ஒருத்தி போதும்" என்றார் அக்கா.

"என் சீட்டு அண்ணி அது" என்றார் சிஸ்டர். "ஒண்ணுன்னா நான் ஜன்னலைத் திறந்துடுவேன். நீங்க பேசிட்டே மயங்கிடுவீங்க."

ஓட்டினேன். சமதளத்தில் மீட்டர் சும்மா இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மேட்டுப் பாதையில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். பாதி மேட்டில் பெட்டி கூவ ஆரம்பித்தது. உச்சியில் நிறுத்தி, அவர்கள் சொன்னபடி எஞ்சினை அணைக்காமல் வைத்தேன். கூவல் வேகமாகி, ஒரே கத்தலானது. பின்கதவு படாரென்று திறந்தது. சிஸ்டர் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புல்லில் இறங்கி நின்றிருந்தார்.

கொஞ்ச நேரம் இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"அதை ரெண்டு தடவை ஒட்டினது நான்தான்" என்றார் அக்கா.

"தெரியும். நல்லா ஒட்டியிருக்கேன்னு நீங்களே சொன்னீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஆனால் சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. "அண்ணி, நாம கூட்டிட்டு வந்தவங்க? அவங்களும் இதைத்தானே சுவாசிச்சிருப்பாங்க?"

அந்தக் கேள்வியோடுதான் மேற்பார்வையாளரிடமும், அவர் மூலமாக டாக்டரிடமும் போனோம். வண்டியில் வந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். யாருக்கும் கேடு வந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் வண்டியில் ஏறுகிற ஏறக்குறைய எல்லோருக்கும் சிஸ்டர் உடனே ஆக்சிஜன் மாட்டிவிடுவார். சுத்தமான காற்று அவர்களுக்கு மூக்கிலேயே கிடைத்துவிட்டது. எனக்கு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவைத்து ஓட்டுகிற பழக்கம். ஆக, வண்டிக்குள் நாள் முழுக்க வெறும் மூக்கோடு உட்கார்ந்திருந்தது சிஸ்டர் ஒருவர்தான். அவருடைய தலைவலிக்குக் காரணம் வண்டியின் புகை என்று டாக்டரே தன் கையால் எழுதிக் கொடுத்து, கொஞ்ச நாள் ஓய்வும் கொடுத்தார்.

துளையை அடைப்பது சின்ன வேலை, அன்றே முடிந்தது. ஃபிளெக்ஸ் ஏன் கிழிகிறது என்பதுதான் அக்காவைத் தூங்கவிடவில்லை. "புதுசு போட்டா போதும்" என்று சொன்னவர்களிடம், "புதுசு ரெண்டு போட்டாச்சு. மூணாவது போட்டு யாரை ஏமாத்தறது?" என்றார்.

என்னை வண்டியில் உட்காரவைத்தார். "பிரேக்கை நல்லா மிதிச்சுக்கோ. முதல் கியர் போடு. கிளச்சைத் துளி விட்டு, கொஞ்சம் உறும விடு." அவர் முன்மூடியைத் திறந்து ஓரமாக நின்று பார்த்தார். நான் உறுமவிட்டதும் எஞ்சின், நாற்காலியிலிருந்து கோபமாக எழுந்திருக்கிற ஆள் மாதிரி, மொத்தமாக எம்பியது. விட்டதும் தொப்பென்று உட்கார்ந்தது.

"நிறுத்து, நிறுத்து!" அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "தம்பி, இந்த எஞ்சின் ஆடி நான் பார்த்ததே இல்ல. எப்பவும் அணைச்ச வண்டிக்குக் கீழதான் வேலை. தூங்கறவனுக்கு அளவெடுத்துச் சட்டை தைச்சிருக்கேன். எழுந்து கையைத் தூக்கினா கிழியாம என்ன செய்யும்?"

எஞ்சின் முன்னும் பின்னும் உருளாமல் கீழிருந்து பிடித்துக்கொள்ளும் மவுண்டிங் ஒன்று உண்டு. எலும்புத் துண்டு மாதிரி இருக்கும், இரு முனையிலும் ரப்பர். அதன் ரப்பர் கூழாகியிருந்தது. டர்போ தள்ளும்போதெல்லாம் எஞ்சின் அளவுக்கு மீறி உருண்டு, நெளிவுக்குழாயை முறுக்கிக்கொண்டிருந்தது. நெளிவு வளைந்துகொடுக்கும், முறுக்கினால் தாங்காது. போதாததற்கு, மவுண்டிங் தொய்ந்து எஞ்சின் சாய்ந்திருந்த நிலையிலேயே அக்கா இரண்டு முறையும் குழாயை ஒட்டியிருக்கிறார். பிறக்கும்போதே கழுத்துச் சுளுக்கோடு பிறந்த குழாய்.

அக்காவுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த தப்பும் நடந்தது. ரப்பரே வேண்டாம் என்று, பந்தயக் கார்களுக்குப் போடுகிற கெட்டியான பிளாஸ்டிக் வகை மவுண்டிங்கைத் தேடி வாங்கிவந்து மாட்டினார். அசையாது, கூழாகாது. எஞ்சினை நேராக உட்காரவைத்து, புது ஃபிளெக்ஸை ஒட்டினார். உறுமவிட்டுப் பார்த்தோம், எஞ்சின் இம்மி நகரவில்லை. மீட்டர் வாயே திறக்கவில்லை. அக்கா கொட்டகை முழுக்க ஒரு சுற்று வந்து பெருமை பேசினார்.

சிஸ்டர் ஓய்வு முடிந்து வேலைக்கு வந்தார். முதல் அழைப்பே, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மா. வண்டியில் ஏற்றினோம். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல்: "ஏம்மா, இது ஆம்புலன்ஸா, மாவு மில்லா?" ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டிய நடுக்கம் முழுவதும் நேராக வண்டியின் உடம்புக்குள் வந்து, கட்டிலில் இறங்கிக்கொண்டிருந்தது. முறிந்த எலும்புக்கு அது எப்படியிருக்கும்! சிஸ்டர் அந்த அம்மாவின் இடுப்புக்கு இருபுறமும் தலையணை கொடுத்து, அசையாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. சிஸ்டர் நேராகப் போய்ச் சொன்னார்.

"அண்ணி, இப்போ எனக்குத் தலை வலிக்கல. ஆனா படுத்திருக்கறவங்களுக்கு எலும்பு வலிக்குது."

அக்காவின் முகம் சுருங்கியது. எல்லோர் முன்னாலும் பீற்றிக்கொண்ட வேலை. "வா" என்று சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய், மறுபடியும் கட்டிலில் ஏறிப் படுத்தார். என்னை எஞ்சினைப் போடச் சொன்னார். நின்ற வண்டியில், மெதுவான ஓட்டத்தில், அக்காவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "சரி-இ-இ, அணை-ஐ-ஐ" என்று குரல் நடுங்கி வந்தது. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவும் படுத்தபடியே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் சிரிப்பு மற்றவருக்குக் காயமாக இல்லாமல் போனது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"தப்பு என்னோடதுதான்" என்றார் அக்கா எழுந்து உட்கார்ந்து. "குழாயைக் காப்பாத்தணும்னு நினைச்சேன். கட்டிலை மறந்துட்டேன்."

"அப்போ ரப்பரே போடுங்க."

"போட்டா மறுபடி கூழாகும். முதல்ல இருந்தது ஏன் கூழாச்சு? ரப்பர் சும்மா கூழாகாது."

சிஸ்டர் சொன்னார்: "நோயாளிக்குத் தோல் ஊறினா, எங்க நனையுதுன்னு முதல்ல பார்ப்போம் நாங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், "உன் பவுடர் டப்பா இருக்கா?" என்று கேட்டார்.

எஞ்சினின் பின்பக்கத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, டர்போவிலிருந்து கீழே மவுண்டிங் வரைக்கும் சிஸ்டரின் முகப்பவுடரைத் தூவினார்கள். கொட்டகையே மல்லிகை வாசம் அடித்தது. மேற்பார்வையாளர் எட்டிப்பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மேட்டுப்பாதையில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பூச்சின் நடுவே மெல்லிய ஈரக்கோடு ஒன்று. டர்போவுக்குப் போகிற எண்ணெய் திரும்பிவருகிற ரப்பர்க் குழாயில் ஆரம்பித்து, நேராகக் கீழே மவுண்டிங்கின் தலையில் முடிந்தது. டர்போவின் சூட்டில் வெந்து காய்ந்துபோன அந்தக் குழாய், மேட்டில் ஏறும்போது மட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. அந்த எண்ணெயில் ஊறித்தான் ரப்பர் கூழானது. ரப்பர் கூழானதால் எஞ்சின் உருண்டது. எஞ்சின் உருண்டதால் நெளிவு கிழிந்தது. நெளிவு கிழிந்ததால் சிஸ்டருக்குத் தலை வலித்தது.

"அட சண்டாளி" என்றார் அக்கா அந்தக் குழாயைப் பார்த்து, கிட்டத்தட்டப் பாசமாக.

பிறகு செய்ததைத்தான் நான் வேலை என்பேன். எண்ணெய்க் குழாயை மாற்றி, சூடு படாமல் உறை சுற்றினார். வண்டிக்கென்றே செய்த ரப்பர் மவுண்டிங்கை வரவழைத்தார். எல்லா மவுண்டிங் போல்ட்டுகளையும் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, கடப்பாரையால் மெல்ல அசைத்து அசைத்து, அது தானாக எங்கே உட்கார விரும்புகிறதோ அங்கே உட்காரவிட்டு, அதற்கப்புறம் முறுக்கினார். சக்கரங்கள் தரையில் பதிந்து, வண்டியின் எடை முழுதும் இறங்கியபிறகே பள்ளத்துக்குள் போனார். பின்குழாயைத் தாங்கும் தொங்கல்களைச் சரிசெய்தார். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் புது நெளிவு. இழுபடாமல், முறுக்குப்படாமல், இரண்டு முனைக்கும் நடுவில் சும்மா படுத்திருப்பது போல வைத்துப் பார்த்து, புள்ளி புள்ளியாக ஒட்டி, மறுபடி பார்த்து, அப்புறம் சுற்றி ஒட்டினார். அன்று முகமூடிக்குள்ளிருந்து பேச்சே வரவில்லை. முடித்து மேலே வந்தபோது யாரையும் கூட்டிப்போய்க் காட்டவுமில்லை.

கட்டிலில் முதலில் படுத்தது அக்கா, இரண்டாவது சிஸ்டர், மூன்றாவதாக, யாரும் கேட்காமலே, மேற்பார்வையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். மேட்டில் ஏறி இறங்கி, வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டேன். எஞ்சின் ஓடுகிறதா என்று பின்னாலிருந்து கேட்டார்கள். மீட்டர் ஊமையாகக் கிடந்தது. "எங்க வீட்டுக் கட்டிலைவிட நல்லா இருக்கும்மா" என்றார் மேற்பார்வையாளர், எழுந்திருக்க மனமில்லாமல்.

அந்த நெளிவு இன்னும் கிழியவில்லை. சிஸ்டருக்குத் தலைவலியும் திரும்ப வரவில்லை. அண்ணன் விஷயம் தெரிந்தபோது தங்கையிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், ஒரு வாரம் தினமும் சூடான ரொட்டியைக் கொண்டுவந்து அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாராம். முதல் வண்டியின் தரையிலும் துளைகளை அடைத்தோம். இரண்டு வண்டிகளிலும் புகை மீட்டர் நிரந்தரமாக மாட்டியாயிற்று. அக்காவிடம் போய், "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று யாராவது கேட்டால், முன்பானால் மதியம்வரை பேசியிருப்பார். இப்போது, "தப்புத் தப்பாப் பண்ணித்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார். எங்கள் கொட்டகையில் தன் தவறை இவ்வளவு சுலபமாகச் சொல்கிற இன்னொரு ஆளை எனக்குத் தெரியாது. நான் உட்பட.

அண்ணியும் நாத்தனாரும் கொஞ்சிக் குலவ ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலம் இருவரையும் என் காரில்தான் வீட்டில் விடுகிறேன். முன்பு வழியெல்லாம் அக்கா பேசுவார், சிஸ்டர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது இரண்டு பேரும் பேசுகிறார்கள், ஒரே நேரத்தில். நேற்று, மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கயிற்றில் வெயில் படுகிற பாதி யாருக்கு என்று சண்டை.

"நர்ஸ் உடுப்பு வெள்ளை அண்ணி. வெயில் எனக்குத்தான்."

"என் உடுப்புல கிரீஸ் இருக்கும்மா. வெயில் எனக்குத்தான் வேணும்."

"உங்க உடுப்புக்கு வெயில் போதாது. எரிச்சாத்தான் உண்டு."

"தம்பி, கேட்டியா இவ வாயை!"

நான் யார் பக்கமும் சேரவில்லை. இருவரும் இறங்கினார்கள். கதவைச் சாத்தும்போதும், படியேறும்போதும், மாடி விளக்கைப் போட்டபிறகும் அந்தச் சண்டை தெருவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.